மூன்றாம் கண்ணியில் ஒரு குதிரை

புதன்கிழமை மாலை, அல்வர்ஸ்டன் நூலகத்து மாடியில்
எட்டுப் பேர், ஒரு கெட்டில், ஆளுக்கொரு நகல் தாள்.
இருநூறு வருடத்துக்கு முந்தைய பாட்டு.
எழுதியவன் பெயர் என் நாக்கில் நிற்கவில்லை.
வடக்கே ஊர் பார்க்க வந்த தெற்கத்திக்காரன் என்பது மட்டும்
இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிட்டது:
எங்கள் விரிகுடாவை 'உறங்குகிறாள்' என்கிறான்.

அது உறங்கி நான் பார்த்ததில்லை.

நிலவு. வற்றிய கடல். மணல்மேல் வெள்ளித் தகடாய் ஒளி,
கண் எட்டும் வரை.
அதன் விளிம்பில் குதிரை நிற்கிறது
அழகின் முன் தலை தாழ்த்தி.
அவன் இறங்குகிறான். அழுகிறான்.
அப்புறம் ஆறு கண்ணிகள் ஆன்மாவைப் பற்றி.

வகுப்பெடுக்கும் ஹெஸ்டர் பென்னிங்டன் சொன்னார்:
வெள்ளி என்பது எல்லையின்மை.
ஓய்வுபெற்ற பல்மருத்துவர் சொன்னார்: இறந்துபோன காதலி.
யாராவது ஒரு காதலி செத்தே ஆகவேண்டும் இவர்களுக்கு.
என் முறை வந்தபோது
"நன்றாக இருக்கிறது" என்றேன்,
விரலிடுக்கில் இன்னும் இறால் வாடை.

வீட்டுக்கு வண்டி ஓட்டும்போதுதான் கோபம் வந்தது.

இருபத்தாறு வருடமாக அந்த மணலில் மட்டி அள்ளுகிறேன்.
மங்கிக் கிடக்கும் மணல் தாங்கும்.
வரிவரியாய் மடிந்த மணல் தாங்கும்.
மின்னுகிற மணலில் மட்டும் கால் வைக்கக் கூடாது.
அடியில் தண்ணீர் போக்கிடமில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம்.
மிதித்தால் ஆறிய கஞ்சியின் ஏடு மாதிரி நடுங்கும்,
ஒரு நொடி பொறுக்கும்.
பிறகு முழங்கால். பிறகு இடுப்பு.
அவன் வெள்ளி என்று எழுதியது அதைத்தான்.

என் தம்பி சைலஸ் போனதும் அதன் மேல்தான்,
ஒரு மார்ச் மாதம், பனிமூட்டத்தில், டிராக்டரோடு.
டிராக்டருக்கு நிற்கத் தெரியாது.
பலகை போட்டு, கயிறு போட்டு,
ஓதம் திரும்பும் சத்தம் கேட்கக் கேட்க
அவனை உருவி எடுத்தோம்,
ஒரு பூட்ஸ் குறைய.
இப்போது பாரோவில், பேரங்காடிக் கிடங்கில் இரவு வேலை.
கடல் தெரியாத தெருவாகப் பார்த்து வீடு எடுத்திருக்கிறான்.

அதனால் எனக்குக் குதிரைதான்.

எட்டுப் பேரும் அதைத் தாண்டிப் போனார்கள்.
எழுதியவனே தாண்டித்தான் போனான்.
அது தலை தாழ்த்தியது வணங்க இல்லை,
மோந்து பார்த்திருக்கிறது.
முன்னங்குளம்பை ஒருமுறை வைத்து
நிலம் கூழாய்ப் பதில் சொன்னதும்
எடுத்துக்கொண்டிருக்கிறது.
அவன் விலாவில் உதைத்திருப்பான்,
அதைப் பாட்டில் எழுதவில்லை, யாரும் எழுத மாட்டார்கள்.
அது அசையவில்லை.
வேறு வழியில்லாமல் இறங்கி நின்ற நேரத்தில்தான்
எல்லையின்மை வந்திருக்கிறது அவனுக்கு.

நின்றிராவிட்டால் பாட்டு ஏது.
ஒரு தொப்பி கரை ஒதுங்கியிருக்கும்.

அடுத்த புதன் இதைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.
பல்மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"அப்படியானால் அந்த வெள்ளி அழகில்லையா?"

இதற்குத் தயாராக நான் வரவில்லை.
ஜனவரி விடியலில் அது மின்னும்போது
நானும் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பதுண்டு,
லாரல் கிளை நட்டுக் குறித்த வழியின் ஓரமாய்,
மட்டிச் சாக்குகள் பின்னால் சொட்டிக்கொண்டிருக்க,
தேவைக்கு மேல் இரண்டு நிமிடம்.
சைலஸிடம் சொன்னதில்லை.

"அழகுதான்" என்றேன்.
கெட்டில் கொதித்தது. யாரோ எழுந்து போனார்கள்.
தாளின் ஓரத்தில், மூன்றாம் கண்ணிக்கு எதிரே
பென்சிலால் எழுதினேன்:
பெண் குதிரையாக இருக்கும்.