வாசலுக்கு நேர் மேலே

கருங்கல் சந்திப்பில், பேக்கரிக்கு மேல்மாடியில்
பன் வேகும் வாசனைக்குள் உட்கார்ந்து
பிறர் வீட்டு மழையைக் கணக்குப் போடுகிறவள் நான்.

பெல்சன் தோஹாவிலிருந்து வீடியோவில் வந்தார்.
"முன்னாடி ஒரு குழாயும் தெரியப்பிடாது மேடம்.
எல்லாத்தையும் சுவருக்குள்ள போட்டுப் பூசிருங்க."

பூசிவிடலாம்.
சுவர் உடனே ஒன்றும் சொல்லாது.
மூன்றாவது வருடம்
அலமாரிக்குப் பின்னால் பெயின்ட் கொப்புளித்து
கல்யாணப் பட்டில் பூசணம் ஏறிய பிறகு
சொல்லும்.

ஆயிரத்து இருநூறு சதுரடி மொட்டை மாடி.
எடவப்பாதியில் வானம் மனசு வைத்தால்
நிமிடத்துக்குப் பன்னிரண்டு குடம்.
கைப்பிடிச்சுவர் அதைத் தடுத்து நிறுத்த
ஒரு அடி நின்றுவிட்டால்
தளத்தின் மேல் எட்டு யானை படுத்த பாரம்.

மூன்று வாய் வரைந்தேன்,
கைப்பிடிச்சுவரின் அடியில், தளத்தைத் தொட்டபடி.
ஒவ்வொரு வாய்க்கும் கீழே
சுவரில் ஆறங்குலப் பள்ளம் விட்டு
குழாயை அதற்குள் நிற்கவைத்தேன்.
முன்னால் சுவர் நிறத்தில் ஒரு தகடு, நாலு திருகு.
கழற்றினால் கை போகும்.
பெல்சனுக்குச் சம்மதம்.

பிறகு நாலாவதாக ஒரு ஓட்டை.
தளத்திலிருந்து இரண்டு அங்குலம் உயரத்தில்,
முன்சுவரில், வாசல்படிக்கு நேர் மேலே.
குழாய் கிடையாது.
மூன்று வாயும் அடைத்தால் மட்டும்
அது திறந்த வெளியில் துப்பும்.

"அது ஏன் அங்க? பின்னாடி வச்சா என்ன?"
பின்னாடி வைத்தால் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் அவர் முகம் திரையில் உறைந்து நின்றது.
நெட்வொர்க்கா, கோபமா, தெரியவில்லை.

ரசலையன் கொத்தனார் சாய்வு போட்டார்.
நூறுக்கு ஒன்று.
வாளித் தண்ணீரைக் கவிழ்த்தோம்.
எல்லாம் போய், வடகிழக்கு மூலையில்
ஒரு தோசையளவு நின்றது.
"அத வெயிலு குடிச்சுக்கிடும்."
குடிக்கும் முன்னே அடுத்த மழை வந்துவிடும், அண்ணே.
முனகிக்கொண்டே கொத்திவிட்டு
மறுபடி பூசினார்.

பால்காய்ச்சுக்குப் போனபோது
முன்சுவர் வழவழவென்று வெள்ளை.
நாலாவது ஓட்டையைக் காணோம்.
ரசலையன் என்னைப் பார்க்காமல்
பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வீடு அவர்களுடையது.
நானும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனி பிறக்கும் முன்னே ஒரு ராத்திரி,
மணி இரண்டரை.
பெல்சனின் மனைவி லீமாரோஸ்.
"மேடம், வாசல்ல தண்ணி அருவி மாதிரி கொட்டுது!
சுவரு எங்கயோ ஒடஞ்சிருக்கு!"

எழுந்து உட்கார்ந்து கேட்டேன்.
வாசலில் சரியாக எங்கே?
"படிக்கு நேரா. ரெண்டு செருப்பு ஒழுகிப் போச்சு.
வெள்ளையா ஒரு கட்டை வேற விழுந்து கெடக்கு,
எடுத்தா கனமே இல்ல."

நல்லது என்றேன்.
"என்னது, நல்லதா?"
டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்க.
இறங்கும் முன் காலால் ஆழம் பாருங்க.
மூன்று மூலையிலும் கையை விடுங்க.

இருபது நிமிடம் கழித்து மூச்சு வாங்கப் பேசினாள்.
பக்கத்துப் பறம்பு அயனி மரத்தின் இலைகள்,
ஒவ்வொன்றும் வலையை அளவெடுத்து மூடினது போல.
நடுவாயில் கூடவே ஒரு ஷட்டில்காக்.
பிடுங்கினதும் மாடி மொத்தமும்
ஒரு பெரிய தொண்டையாய்க் களகளத்ததாம்.
சொல்லும்போது சிரித்தாள்.

காலையில் தோஹாவிலிருந்து ஒரு போட்டோ.
வெள்ளைச் சுவரில் மேலிருந்து கீழே
செம்பழுப்பாய் ஒரு நாக்கு.
"இந்தக் கறை போகுமா?"
போகாது என்று அனுப்பினேன்.
பெயின்ட் அடித்தால் மறையும்.
அந்த ஓட்டையை மட்டும் தொடவேண்டாம்.
இரண்டு நீல டிக்.
பதில் இல்லை.

பைலில் ரசலையனின் பழைய பில்லைத் தேடினேன்.
"முன் ஓட்டை அடைப்பு, ஓணர் சொன்னபடி" என்று ஒரு வரி.
அதன் நேரே
சிமென்ட் இல்லை, செங்கல் துண்டு இல்லை:
தெர்மோகோல், இருபது ரூபாய்.