நிராகரிக்க முடியவில்லை

மண்ணெண்ணெய், சூடைமீன், தேங்காய்:
மூன்று நிரல், நூற்றெண்பது மாதம்.
நூற்றெழுபத்தொன்பது என்றுதான் சொல்லவேண்டும்.
ஒரு கட்டத்தில் எண் இல்லை,
விலை எடுக்கப் போன ரிஃபாயாவின் கையெழுத்து:
"தோணி போகல்ல. விலை இல்ல."
முன்மாதத்துக்கும் பின்மாதத்துக்கும் இடையே
நேர்கோடு போட்டு நிரப்பவா என்கிறது மென்பொருள்.
திருக்கடலூரில் கவிழ்த்துவைத்த தோணிகளின்மேல்
கோடு இழுக்க எனக்குக் கூசியது.
வெறுமையாகவே விட்டேன்.

உட்துறைமுகப் படிக்கட்டில் கடல்
ஒரு சாண் ஏறும், ஒரு சாண் இறங்கும்.
காற்று உலுப்பிய வாரத்திலும்
நாலாம் நாள் அதே பாசிக்கோட்டுக்கு வந்துவிடும்.
நிலைத்த தொடர் என்போம்.
அடித்ததை மறக்கத் தெரிந்தது.

விலைக்கு அது வராது.
பாடக்குறிப்பில் அலகு மூலம்.
ரிஃபாயாவுக்கு வேர்:
"ஒருக்கா உள்ள இறங்கிட்டா
பொறகு மரம் அங்க இருந்துதான்."
நேற்றைய விலை, அதன்மேல் இன்றைய தற்செயல்,
திரும்பிப் போக ஒரு சராசரி கிடையாது.
குடித்துத் தள்ளாடுகிறவனுக்காவது
எங்கோ ஒரு வீடு இருக்கும்.

சோதனை எண் மைனஸ் ஒன்று தசம் ஆறு.
போதாது.
'வேர் உண்டு' என்று எழுதி, அழித்து,
'உண்டென்பதை நிராகரிக்க முடியவில்லை' என்று எழுதினேன்.
எங்கள் தொழிலில் உண்மைக்கு
அவ்வளவுதான் நாக்கு.

அடுத்தது, ஏறவும் இறங்கவும் ஒரே கால்தானா என்பது.
இதன் விடையை
குலவீரசிங்கத்தின் தேநீர்க்கடைப் பலகையில்
முன்பே பார்த்திருக்கிறேன்.
காஸ் ஏறிய அன்றே வடை அறுபது, நூறானது.
காஸ் இறங்கி ஏழு மாதம்.
"பலகை எழுதுற பெடியன் வரேல்லை, மிஸ்."
வாசலில் ஒரு புள்ளிமான்
எறிந்த வாழையிலையை
விலை கேளாமல் தின்றுகொண்டிருந்தது.

ஏற்றத்தின் கெழு தசம் ஆறு இரண்டு.
இறக்கத்தினது தசம் ஒன்று ஒன்று.
இரண்டும் சமம் என்பதை நிராகரித்தேன்.
மூன்று மாதத்தில் முதல்முறையாக
ஒன்றை நிராகரிக்கக் கிடைத்த சந்தோசத்தில்
ஒரு பிளேன்ரீ அதிகம் குடித்தேன்.

அன்றிரவு வேறெதையோ தேடி
டியூசன் கொப்பியைத் திறந்தேன்.
பத்தாம் ஆண்டு, கணிதம், மனையாவெளி.
பெற்றோல் வரிசைக் காலத்தில்
ஆயிரத்தை வெட்டி ஆயிரத்து எண்ணூறு.
என் கையெழுத்து. திகதியும் உண்டு.
அதற்குக் கீழே வேறு திகதி இல்லை.

எனக்கும் அந்தப் பெடியன் வரவில்லை.

ஒரு மாதிரியை வைத்து முடிவெடுக்கக்கூடாது
என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன்.
எண்ணூறை வெட்டினேன்.
பக்கத்தில் என்ன எழுதுவது?
தேங்காய் இறங்கவில்லை. வாடகை இறங்கவில்லை.
பேனை அங்கேயே நின்றது.

தர்சிகன் என்ற பெயருக்கு நேரே
ஓகஸ்டிலிருந்து வெறும் கட்டங்கள்.
அவற்றினூடே ஒரு நேர்கோடு போகிறது.
நான் போட்டதில்லை.
கொப்பியே அப்படித்தான்
கோடுபோட்டு விற்கிறார்கள்.