நான்கு அங்குல ஒயர்

‘ஒலி எழுப்புக’ என்கிறது பலகை.
அழுத்துகிறேன்.
வாத்தியார் பேர் கூப்பிடும்போது
வாய் திறக்காத பிள்ளை மாதிரி
வண்டி முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தாண்டிக்குடி ஏறும் பாதை, எட்டாவது கொண்டை ஊசி,
பனி கண்ணாடியில் ஒட்டி வழிகிறது.
வேறு வழியில்லை, தலையை வெளியே நீட்டி
‘வர்றேன்!’ என்று கத்தினேன்.

பனிக்குள்ளிருந்து யாரோ:
‘நில்லு! வாழைத்தார் லாரி!’

நின்றேன்.
லாரி என் கதவை மோந்துவிட்டுப் போனது.

பதினோரு நாள் இப்படியே.
மலையெல்லாம் உயிர்க்காப்பீடு விற்கும் ஜெசிந்தா
அறுபத்தொன்பதாம் வருஷத்து ஹெரால்டில்
தொண்டையை நம்பி ஏறினாள், இறங்கினாள்.

குரல்காரர் ஒச்சப்பன்.
வளைவில் பட்டர் புரூட் தரம் பிரிக்கும் கொட்டகை அவருடையது.
ஆறு வருஷமாக என் பாலிசிக்குப் பயந்து
பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்குகிறவர்.
முகம் தெரியாத கத்தலுக்குத் தைரியமாகப் பதில் சொன்னார்:
வா.
நில்லு.
காட்டுமாடு நிக்குது, லைட்டை அணை.

வத்தலக்குண்டு மெக்கானிக் கதவைக்கூடத் திறக்கவில்லை.
‘ஹாரன் செத்துப்போச்சுக்கா, ஆயிரத்து நானூறு.’
நாடி பார்க்காமல் செத்தது என்றால்
என் தொழிலில் க்ளெய்ம் நிற்காது, தம்பி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும்
வண்டியைக் காப்பிக் களத்தில் நிறுத்தினேன்.
ஹெரால்டின் முகம் முழுவதும் முன்னால் கவிழும்;
டயர்மேல் உட்கார்ந்து உள்ளே பார்க்கலாம்.
கையில் சோதனை விளக்கு:
பைக் இண்டிகேட்டர் பல்பு, இரண்டு ஒயர், ஒரு முதலைக் கவ்வி.

ஹாரனின் முனையில் வைத்தேன். எரிந்தது.
அடுத்த முனையைத் துண்டு ஒயரால் பாடியில் தொட்டேன்.

கத்தியது பாருங்கள்!
காப்பியைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகள்
பறக்க முடியும் என்று அன்றுதான் கண்டுகொண்டன.
பக்கத்து வீட்டு கபிரியேல்
பாதி சவரத்தோடு வேலிக்கு ஓடி வந்தார்.

சரி, பிணம் எழுந்துவிட்டது. பட்டனைப் பார்ப்போம்.
நடு மூடியைக் கழற்றினால் செம்பில் பச்சை பூத்திருந்தது.
தீப்பெட்டியின் பக்கத்தில் உரசி உரசி மினுக்கினேன்.
அழுத்தினேன்.
கபிரியேல் ‘ம்ஹும்’ என்றார்.

மிச்சம் ஸ்டீயரிங் தண்டு.
கவ்வி பேட்டரி பிளஸ்ஸில், முனை தண்டில்.
பல்பு இருட்டு.
பாடியில் தொட்டால் எரிகிறது, தண்டில் தொட்டால் இல்லை.
வண்டியின் இரும்பெல்லாம் ஒன்றையொன்று பிடித்திருக்க
இது மட்டும் அந்தரத்தில்.

குனிந்து பார்த்தேன். தண்டின் மூட்டில்
கறுப்பாய் மினுங்கும் புது ரப்பர் வட்டு.
திண்டுக்கல்லில் போட்டது, ரசீது டேஷ்போர்டிலேயே இருக்கிறது;
நான் கத்தத் தொடங்கியதற்கு முந்தின நாள் தேதி.
பழைய ரப்பரைத் தாண்டி ஒரு சின்ன ஒயர் ஓடியிருக்கும்.
எதற்கு இது என்று எவனோ கழற்றி வீசியிருக்கிறான்.

ரப்பர் அதிர்வை வாங்கிக்கொள்ளும்,
கரண்டைத் தாண்ட விடாது.
குரல் இருந்தது. விசை இருந்தது.
கட்டைவிரல் அழுத்திக்கொண்டேதான் இருந்தது.
எர்த் மட்டும் எட்டவில்லை.

பழைய இஸ்திரிப் பெட்டியின் ஒயரில் நான்கு அங்குலம் வெட்டி
இரு பக்கமும் வளையம் வைத்து முடுக்கினேன்,
திருப்பும்போது இழுத்துக்கொள்ளாதபடி
கொஞ்சம் தொய்வு விட்டு.

திங்கட்கிழமை. எட்டாவது வளைவு. அழுத்தினேன்.
பள்ளத்தாக்கு வாங்கி இரண்டாய்த் திருப்பித் தந்தது.
வேறு பதில் இல்லை.
திரும்பிப் பார்த்தால் கொட்டகையில் பெட்டிகள்,
ஒரு பெட்டிக்கு மேல்
தலைப்பாகையின் நுனி.

செவ்வாய்க்கிழமை
கட்டைவிரலைப் பட்டனிலிருந்து எடுத்தேன்.
கண்ணாடியை இறக்கினேன்.
‘வர்றேன்!’

‘வா, வா, ரோடு காலி’ என்றது பனி.

அப்புறம், கொஞ்சம் தாழ்ந்து,
‘அய்யய்யோ.’