புள்ளி ஒன்றுக்கு இருபத்தைந்து சதம்

ஸ்கார்பரோ, மார்க்கம் வீதிச் சலவைக் கடை.
ஞாயிறு இரவு. வெளியே மைனஸ் பதினெட்டு.
சோளப்பொரிப் பெட்டியை வெட்டி
நான் எழுதிக் கொடுத்த எழுத்துகளைத்
துணி மடிக்கும் மேசையில் பரப்புகிறாள் இன்மதி.
மெய்யெழுத்து எதற்கும் புள்ளி இல்லை.
(மறந்துபோனேன் என்பதுதான் உண்மை.
விளையாட்டு அங்கேதான் தொடங்கியது.)

புள்ளிக்குக் காசு.
மான் தலை மேலே இருக்க வேண்டும்,
அரச தலை விழுந்தால் செல்லாது.
சட்டம் அவளுடையது. வயது ஐந்தரை.

"அமமா" என்று வாசிக்கிறாள்
ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்து.
நடு மகரத்தின் தலையில் காசு விழுகிறது:
உதடு மூடுகிறது,
அம்மா வந்துவிடுகிறாள்.

பிறகு விலை கேட்கத் தொடங்கினாள்.
அப்பா எவ்வளவு? ஒரு காசு.
குளிர்? அதுவும் ஒன்று.
பனி? சும்மா.
கனடா?
எழுத்தெழுத்தாய்ப் பார்த்தோம், ஒரு புள்ளியும் இல்லை.
"கனடா ஃப்ரீ!" என்று கடை அதிரக் கத்தினாள்.
ஏஜென்சிக்காரனுக்கு நாங்கள் கட்டிய தொகையை
நான் அவளுக்குச் சொல்லவில்லை.

காவலாளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்த ரொடெல்
தன் பெயருக்கு என்ன விலை என்றார்.
கொம்பு இரண்டு, கால் ஒன்று தேடியெடுத்தாள்.
கடைசி லகரத்தின்மேல்
தன் பையிலிருந்த காசைத் தானே வைத்து
சிரித்தபடி பனிக்குள் போய்விட்டார்.

சலவை நின்றது.
உலர்த்திக்கு ஆறு காசு.
ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
நாய் நாய ஆனது, மீன் மீன ஆனது,
குளிரும் அப்பாவும் அம்மாவும் வாய் திறந்து கிடந்தோம்.
ஐந்து.
ரொடெலின் காசைத் தொடக்கூடாதாம்:
"அது அவற்றை பேர்."
ஆறாவது அவளுடைய பெயரில்.
"எடுத்தா நான் இனமதி" என்றாள்,
கண் முட்டிக்கொண்டு வந்தது.

கைப்பையைக் கவிழ்த்தேன்:
ரசீது, பாதி மிட்டாய், ஒற்றைக் கையுறை.
கடைசியில் இயந்திரத்துக்குள் கைவிட்டு
அவள் அப்பாவின் ஈரச் சட்டையில்
ஒரு நூலில் தொங்கிய பொத்தானைப் பிய்த்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலு துளை.
காசை என் கையில் தந்துவிட்டு
பொத்தானை னகரத்தின் தலையில் வைத்தாள்.
உடுப்புகள் சூட்டில் புரளத் தொடங்கியபோது
"அம்மா, இதுக்குள்ள நாலு புள்ளி இருக்கு.
எனக்கு ஒண்டு காணும்.
மிச்சத்தை ஆருக்குக் குடுக்கிறது?"