ஆறு கிரெடிட்

புதன்கிழமை, இரண்டிலிருந்து நாலு மணி வரை
மாணவர் நல மையத்தில், மாடிப்படிக்கு அடியில்
இந்த மேசை என்னுடையது.
'பிற பல்கலைக்கழகத்திலிருந்து வந்தோர்' என்று
இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை
ஹீட்டர் சூட்டில் வளைந்து
வருகிறவர்களின் முகத்தைப் பாதி மறைக்கும்.

போன ஜனவரியில் நான் அந்தப் பக்கம் நின்றேன்.
கோவில்பட்டியில் படித்த மூன்று செமஸ்டரை
ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு
டெல்லிக்குக் கொண்டு வந்திருந்தேன்.
டி.சி., மைக்ரேஷன், மதிப்பெண் பட்டியல்.
நடத்தை: நன்று.
படிவத்தில் 'மாறியதற்கான காரணம்' என்றொரு கட்டம்,
நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.
குடும்பக் காரணம் என்று எழுதினேன்.
இடம் மிஞ்சியது.

பொருளியலை எடுத்துக்கொண்டார்கள்.
புள்ளியியலையும்.
பகுதி ஒன்று தமிழ், இரண்டு தாள், ஆறு கிரெடிட்:
இணையான பாடம் இல்லை.
பூஜ்யம் போட்டு, அதைச் சுற்றி
இன்னொரு வட்டமும் போட்டிருந்தார்கள்.
ஆறு குறைந்தால் ஒரு வருஷம் பின்னால்.
ஒரு வருஷம் என்றால் விடுதி வாடகை, மெஸ்,
அண்ணனிடம் ஒரு போன்.
அந்தப் போனைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

மேசைக்கு இந்தப் பக்கம் அன்று பப்பிதா நேகி.
ஊதா ஸ்வெட்டர், காலடியில் ஹீட்டர்,
இழுப்பறையில் எள் மிட்டாய்.
"குழு கேட்கும். அந்தத் தாளில் என்னதான் படித்தீர்கள்,
சொல், நான் எழுதுகிறேன்" என்றார்.
எனக்கோ அரைகுறை இந்தி.
யாப்பு என்பதை எப்படிச் சொல்ல?
கட்டுவது என்றேன். எதை என்றார்.
சொற்களை என்றேன். கயிற்றாலா என்றார்.

மேசையைத் தட்டிக் காட்டினேன்.
நேர் நேர் தேமா.
நிரை நேர் புளிமா.
அவர் பேனாவை வைத்துவிட்டுத் தானும் தட்டினார்.
பின்னால் வரிசையில் நின்ற பையன்
காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான்.
"என் பேர் வருமா இதில்?"

பப் பிதா. நே கி.
விரல் விட்டுப் பார்த்தேன்:
கூவிளம் தேமா.
விளத்துக்குப் பின்னால் நேர், தளைகூடத் தட்டவில்லை.
"உங்கள் பேர் வெண்பாவில் நிற்கும், மேடம்."
"அதற்கு எத்தனை கிரெடிட்?"
என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை.
எழுதினார். ஒன்றரைப் பக்கம்.
எள் மிட்டாய் ஒன்று தந்தார்,
அதற்குப் படிவம் ஏதும் இல்லை.

குழு மூன்று கொடுத்தது.
ஏன் மூன்று, எந்த மூன்று,
தேமாவுக்கா புளிமாவுக்கா,
யாருக்கும் தெரியாது.
மீதி மூன்றுக்கு மே மாத வெயிலில்
'கழிவு மேலாண்மை' படித்துத் தேறினேன்.
பி பிளஸ்.

பப்பிதா நேகியை இப்போது
தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்,
தெற்கு வளாகம், மூன்றாம் மாடி.
அங்கே ஹீட்டர் கிடையாதாம்.

இன்று, மூன்று ஐம்பதுக்கு ஒருவன் வந்தான்.
இம்பாலிலிருந்து. லாய்ஷ்ரம் தோம்பா.
பிளாஸ்டிக் உறை. நடத்தை: நன்று.
மணிப்புரி இலக்கியம், இரண்டு தாள்,
வட்டத்துக்குள் பூஜ்யம்.
காரணக் கட்டத்தில் நான் எழுதிய அதே வார்த்தைகள்,
அதே மிச்ச இடம்.
நான் அதைக் கேட்கவில்லை.

படிக்கட்டில் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டினார்.
பத்து நிமிஷம் பையா என்றேன்.
அட்டையைக் கவிழ்த்து வைத்து
பேனாவைத் திறந்தேன்.
"அந்தத் தாளில் என்ன படித்தீர்கள், சொல்."

அவன் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தான்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.