பத்தொன்பது பேர்

கல்புகோவில் மழை
வருவதில்லை, இருக்கிறது.
சிப்பி ஆலையின் தகரக் கூரைக்குக் கீழே
சம்பளப் பட்டியல் அடிக்கிறவள் நான்.
ஆண்கள் நாற்பத்தொன்று.
பெண்கள் பத்தொன்பது.

சிலே நாட்டுச் சட்டம் நல்ல சட்டம்.
இருபது பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில்
கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் வேண்டும்,
செலவு முதலாளியுடையது என்கிறது.
அதை எழுதியவர் தொட்டிலை நினைத்திருப்பார்.
எங்கள் தோன் எவாரிஸ்தோ
இருபதை நினைத்தார்.

ஆகவே பதினோரு வருடமாகப் பத்தொன்பது.
ஒருத்தி கிளம்பினால்தான் ஒருத்தி.
ரோசவுரா முதுகுவலியில் படுத்த வாரம்
வாசலுக்கு ஏழு பேர் வந்தார்கள்,
அவள் முதுகை நலம் விசாரிக்க.

திங்கள்தோறும் இஸ்மேனியா வருவாள்.
இடுப்பில் பையன், கையில் சொந்தக் கத்தி,
பிடியில் நீல நூல் சுற்றியது.
சதை கிழியாமல் சிப்பி திறப்பதில்
இந்தக் கரையில் அவளுக்கு ஈடில்லை என்பார்கள்.
"இன்னும் பத்தொன்பதுதானா?"
"பத்தொன்பதுதான்."
காற்று எந்தப் பக்கம் என்று கேட்பதுபோலக் கேட்பாள்.
பையனின் மூக்கைத் துடைத்துவிட்டுப் போவாள்.

எத்தனை திங்கள் கழித்து உறைத்தது எனக்கு!
மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து
எண்ணிக்கொண்டிருக்கிற நானும்
அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி.
ஐம்பத்துமூன்று வயது. பிள்ளை இல்லை.
சட்டம் வயதைக் கேட்பதில்லை, வயிற்றைக் கேட்பதில்லை,
தலையைத்தான் எண்ணுகிறது.
அதிலும் பெண்ணின் தலையை.

மேற்பார்வை எரிபெர்த்தோவுக்கு நான்கு பிள்ளைகள்.
படகோட்டி நிபால்தோவுக்கு இரட்டையர்.
கணக்கில் ஒன்றும் இல்லை.
நாற்பத்தோரு பேரும்
பிள்ளை என்று ஒன்றைப் பார்த்தே இராதவர்கள்,
தாளில்.

ஜூலையில், குளிர் எலும்பைத் தட்டிய நாளில்,
எரிபெர்த்தோவின் மனைவியை
புவெர்த்தோ மோன்த் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.
கடைக்குட்டியை மழைச்சட்டைக்குள் பொதிந்து கொண்டுவந்தான்.
ஒன்றரை வயது.
இன்றைக்கு மட்டும் என்று என் மேசைக்கடியில் இறக்கினான்.
ஒன்பது நாள் வந்தாள்.
பென்சிலைக் கடித்தாள், மார்ச் மாத ரசீதைத் தின்றாள்,
கோணிகள் மேல் வாய் திறந்து தூங்கினாள்.

ஐந்தாம் நாள், கையெழுத்துப் போட வந்த தோன் எவாரிஸ்தோ
தரையில் கிடந்த காலுறையைப் பார்த்தார்.
கட்டைவிரல் அளவு.
"யாருடையது?"
"எரிபெர்த்தோவுடையது."
"அப்படியா," என்றார். "அப்போ சரி."
கையெழுத்துப் போட்டார்.

கெட்டவர் இல்லை அவர். மறுநாள்
குழந்தைக்கு பிஸ்கட் கூடக் கொண்டுவந்தார்.
அந்த "அப்போ சரி"தான்
செருப்புக்குள் போன ஓட்டுத் துண்டாய்
வாரம் முழுக்க என்னோடு நடந்தது.

என் பெயரை அடித்துவிட்டு
இஸ்மேனியாவை எழுதியிருக்கலாம்.
தங்கை வீட்டில் எனக்கு ஓர் அறை உண்டு.
பெருந்தன்மை என்று ஊர் சொல்லியிருக்கும்.
ஆனால் கூட்டிப் பார்த்தால்
மறுபடியும் பத்தொன்பது.

இன்று திங்கள்.
பட்டியலின் அடியில் இன்னொரு வரி அடித்தேன்:
இருபது. இஸ்மேனியா பார்ரியா.
தட்டச்சில் பூஜ்யம் எப்போதும் கொஞ்சம் கீழே இறங்கும்.
தாளை அவர் மேசையில்
காகித எடைக்கு அடியில் வைத்தேன்,
பறந்துவிட்டது என்று பிறகு சொல்ல முடியாதபடி.

அவர் வர இன்னும் அரைமணி நேரம்.
உப்பு மூட்டை அறைக்குப் போய்க்
காலடியால் அளந்தேன்.
நீளம் பதினொன்று, அகலம் எட்டு.
ஒரு சன்னல் இருக்கிறது.
துருப்பிடித்திருக்கிறது.
இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.