ஐம்பது துடிப்பு

ஜூன் மாதம் புந்தா அரேனாஸில்
ஐந்தரைக்குள் இருட்டிவிடும்.
கூடத்தில் ஆறு திரைகள், மூன்றின் மேல் மூன்று,
ஆறுக்கும் சேர்த்து ஒரே பனியாறு.
சனிக்கிழமை திறப்பு விழா.

பனிச்சுவர் பிளந்து கடலில் விழ வேண்டும்.
விழவில்லை, விக்குகிறது.
மேல் வரிசையில் நடந்து முடிந்த சாவு
கீழ் வரிசைக்கு இன்னும் சொல்லியனுப்பப்படவில்லை.
நடுவே ஒரு கடற்பறவை
பாதிச் சிறகை விரித்தபடி
எதையோ மறந்ததுபோல் நின்று
பிறகு அவசரமாகப் பறக்கிறது.

"கணினிக்கு வயசாச்சோ?" என்றார் இயக்குநர் தோன்கா,
மேலங்கியைக் கழற்றாமலே.
போன மாதம் வாங்கியது என்றேன்.
விலையையும் சொன்னேன். போய்விட்டார்.

கேபிள்களைப் பிடுங்கி இடம் மாற்றினேன்.
விக்கல் இடம் மாறவில்லை.
மந்தமான வட்டிலிருந்து கோப்பை
வேகமான வட்டுக்குக் குடியேற்றினேன்.
படத்தைப் பிரித்துத் தரும் சுமையைச்
செயலியின் முதுகிலிருந்து இறக்கி
வரைகலை அட்டையின் தலையில் கட்டினேன்.
தொண்ணூற்றாறு விழுக்காட்டில் மூச்சு வாங்கியது
பதினொன்றுக்கு இறங்கி இளைப்பாறியது.
பறவை மட்டும் அப்படியே.
தெளிவைப் பாதியாகக் குறைத்தேன்,
இப்போது மங்கலாக விக்கியது.

அப்போதுதான் ஏழாவது கேபிளைப் பார்த்தேன்.
சுவரோரம் ஊர்ந்து கதவிடுக்கில் நுழைந்து
நுழைவுச்சீட்டு மேசைக்குப் போகிறது.
அங்கே எர்சிரா மான்சில்லா.
அவள் முன்னால்
ஜெர்மானிய ஆய்வாளர்கள் யாரோ
கொண்டுவந்து விட்டுப்போன பழைய திரை.
அதில் துறைமுகக் கேமரா:
கறுத்த நீரிணை, பக்கவாட்டில் பறக்கும் பனித்தூறல்.

அமைப்புகளைத் திறந்தேன்.
ஆறும் நொடிக்கு அறுபது முறை துடிக்க
இது மட்டும் ஐம்பது.
பிடிபட்டான் திருடன்!
ஊரோடு ஒத்துப்போ என்று அறுபதை ஏற்றினேன்.
"எல்லைக்கு வெளியே" என்று ஒரு வரி காட்டிவிட்டு
முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டது.

"என்ன பண்ணினே?"
எர்சிரா எழுந்தே விட்டாள்.
போர்வெனீரிலிருந்து வரும் படகில்
அவள் கணவன் பால்தோவினோ.
காற்றால் இரண்டு மணி நேரத் தாமதம்.
"படகு விளக்கு தெரியட்டும், அப்புறம் கழற்றிக்கோ."

ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.
கை சும்மா இருக்கவில்லை,
படக் கோப்பின் விவரங்களைப் புரட்டியது.
முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது:
நொடிக்கு இருபத்தைந்து சட்டகம்.

இருபத்தைந்தை அறுபதில் ஓட்டினால்
ஒரு சட்டகத்துக்கு இரண்டு துடிப்பு, அடுத்ததற்கு மூன்று,
மறுபடி இரண்டு, மறுபடி மூன்று.
நொண்டிதான் நடக்கும், எத்தனை லட்சம் கொட்டினாலும்.
ஐம்பதில் ஆளுக்கு இரண்டு,
பந்தி வஞ்சனை கிடையாது.

கழற்றி எறிய இருந்ததுதான்
இந்தக் கட்டடத்திலேயே
எண்ணத் தெரிந்த ஒரே திரை.

ஆறையும் ஒவ்வொன்றாக ஐம்பதுக்கு இறக்கினேன்.

பறவை பறந்தது.
வேறெப்படிச் சொல்ல, பறந்தது.
அதன் பின்னால் ஒரு தேவாலயம் அளவு பனி
அவசரமே இல்லாமல் சாய்ந்து
மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு
ஒரே விழுகையாக இறங்கித்
தண்ணீரை மூன்று திரை உயரத்துக்கு, இல்லை,
இரண்டுதானே இருக்கிறது, அதையும் தாண்டித் தூக்கியது.

"எர்சிரா, வந்து பாரு!"
அவள் வரவில்லை.
மூக்கு கண்ணாடியில் படும்படி குனிந்து
ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
புள்ளி மறைந்தது. வந்தது.
"விழுதா?" என்றாள், திரும்பாமல்.
"விழுது."
"அப்ப கூடத்து விளக்கை அணைச்சுட்டு வா."

வலது கீழ்மூலைத் திரை
கொஞ்சம் பச்சை அடிக்கிறது.
அது நாளைக்கு.